ஐந்து வயதுக்கு முன்னே: முந்தல் கரையில் நாங்கள் கற்றது

(பிள்ளைக்காம்பராக்களிலும் முன்பள்ளிகளிலும் வேலை செய்யும் எங்கள் குழு, முந்தல் பகுதிக்குப் போய்த் திரும்பிய பின், கொழுந்து மடுவத்தில் கூடிய தாய் தந்தையர் முன் பேசியதன் எழுத்து வடிவம்.)



கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். அடுப்பு காத்திருக்கிறது, பிள்ளை காத்திருக்கிறது. ஆகையால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

நாங்கள் முந்தலுக்குப் போய்வந்தோம். முந்தல் எங்கே இருக்கிறது என்று இங்கே பலருக்குத் தெரியாது. சிலாபத்திலிருந்து புத்தளம் போகிற பெருந்தெருவில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் களப்பு, அதற்கு அப்பால் கடல். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் அந்தக் களப்பைப் புத்தளக் களப்போடு சேர்க்கிறது. பக்கத்தில்தான் உடப்பு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர் போன தமிழ்க் கிராமம். கரைவலை இழுக்கிற சனங்கள். நம்முடைய குசினியில் மாட்டியிருக்கிற கருவாடு அந்த மாதிரிக் கரைகளில்தான் காய்கிறது. அவர்கள் காலையில் குடிக்கிற தேத்தண்ணி நம்ம மலையில் பறித்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. ஆனால் ஒருத்தர் உழைப்பை ஒருத்தர் தினமும் சாப்பிடுகிறோம்.

நாங்கள் போனது அங்குள்ள சிறு பிள்ளைகளையும் அவர்களுடைய முன்பள்ளிகளையும் பார்க்க. போகும்போது, 'நாம் சொல்லிக் கொடுக்கப் போகிறோம்' என்ற நினைப்பு எங்களுக்குக் கொஞ்சம் இருந்தது உண்மை. திரும்பி வரும்போது அந்த நினைப்பு இல்லை.

ஒரு கிடுகுக் கொட்டிலில் தாய்மார்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். எங்கள் தோட்டங்களைப் பற்றிக் கேட்டார்கள். நாங்களும் ஒளிக்காமல் சொன்னோம். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தை மட்டும் எடுத்தால் 100க்கு ஏறக்குறைய 32 பேர். அதாவது மூன்று பிள்ளைக்கு ஒரு பிள்ளை. இதைச் சொல்லிவிட்டு, தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது, ஆயா இருக்கிறார், கிளினிக் இருக்கிறது என்றும் சொன்னோம்.

அப்போது மீன் காயப்போடுகிற ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: "எங்களுக்குப் புள்ளய விட்டுட்டுப் போக ஒரு இடம் இல்ல. உங்களுக்கு இடமும் இருக்கு, ஆளும் இருக்கு. பொறவு ஏன் உங்க புள்ளைங்க வளரல?"

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. வழி முழுக்க அந்தக் கேள்வியோடுதான் வந்தோம். இன்றைக்கு உங்கள் முன்னால் நாங்கள் பேசுவது அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

முதலாவது, வயிற்றில் இருக்கிற பிள்ளையிலிருந்து தொடங்க வேண்டும். தாய் கர்ப்பமாகிற நாளிலிருந்து பிள்ளைக்கு இரண்டு வயது முடிகிற நாள் வரை கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 1,000 நாள். உயரமும் மூளையும் மிக வேகமாக வளருகிற காலம் இதுதான். இரண்டு வயதாகும்போது பிள்ளையின் மூளை பெரிய ஆளுடைய மூளையின் நிறையில் 100க்கு 80 பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. ஐந்து வயதில் 90 பங்கு. நாம் என்ன நினைக்கிறோம்? ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகுதான் படிப்புத் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். ஆனால் ஒன்றாம் வகுப்பு வாசலை மிதிக்கிற அன்று அந்த வீட்டின் அத்திவாரம் போட்டு, சுவரும் எழுப்பியாகிவிட்டது.

வறுமை அந்த அத்திவாரத்துக்குள்ளேதான் முதலில் புகுகிறது. தாய்க்கு இரத்தம் குறைவாக இருந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கிறது. நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு அடிக்கடி சளி, வயிற்றோட்டம். ஒவ்வொரு வருத்தமும் வளர்ச்சியில் ஒரு கிழமையை, பத்து நாளைத் தின்றுவிடுகிறது. பீலித் தண்ணி சுத்தமில்லை, கக்கூஸ் பொது, வயிற்றில் பூச்சி. தின்பது கொஞ்சம், அதிலும் பாதியைப் பூச்சி தின்கிறது. இப்படி ஒன்று மாறி ஒன்று வந்தால் பிள்ளை எப்படி உயரும்? "அப்பன் கட்டை, அதனால பிள்ளையும் கட்டை" என்று நாம் சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். பல வீடுகளில் அந்த அப்பனும் சின்ன வயதில் இதே மாதிரிப் பசியில் வளர்ந்தவர்தான்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வருடம் செப்டெம்பரில், கொழும்பு விலைக் கணக்கின்படி, சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்திய வருடத்தைவிட 94 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. மா விலை ஏறியது, பால்மா கண்ணில் படவில்லை. ஒரு நேர ரொட்டியை இரண்டு நேரத்துக்குப் பிய்த்துக் கொடுத்தோம். அந்த வருடம் வயிற்றில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது எங்கள் முன்பள்ளிகளில் வந்து உட்காருகிறார்கள். அவர்களைப் பார்த்து, 'இது மந்தம், இது சோம்பேறி' என்று சொல்ல எங்களுக்கு வாய் வரக்கூடாது.

முந்தல் பக்கத்திலும் இதே கதைதான், வேறு உருவத்தில். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் கடல் கொந்தளிக்கும். கரைவலை இழுக்க முடியாது. அந்த மாதங்களில் அடுப்பு எரிவது கடனில்தான். நம்ம பக்கம் கொழுந்து குறைகிற மாதங்களில் பேர் குறைகிறதே, அரைப்பேர் விழுகிறதே, அதே மாதிரி. பெரியவர்கள் நாம் நல்ல மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவோம். எட்டு மாதப் பிள்ளைக்கு அந்தத் தவணை கிடையாது. அது வளர வேண்டிய மாதம் அதே மாதம்தான்.

ஆனால் ஒரு விசயத்தில் அந்த அம்மாமார் எங்களுக்கு வழி காட்டினார்கள். நெத்தலிக் கருவாட்டை நன்றாகக் கழுவி, உப்புப் போக ஊறவைத்து, வறுத்து இடித்துத் தூளாக்கி, சோற்றோடும் பருப்போடும் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள். நெத்தலியை முள்ளோடு தின்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும், சதைக்கு வேண்டிய புரதமும் சேர்ந்து கிடைக்கிறது. நம்ம வீட்டிலும் கருவாடு இருக்கிறது. ஆனால் அது யார் தட்டுக்குப் போகிறது? மலைக்குப் போகிற ஆளின் தட்டுக்கு. பிள்ளைக்கு ரொட்டியும் தேத்தண்ணியும்.

தேத்தண்ணி விசயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தேயிலையைத் தெய்வமாக மதிக்கிற சனம் நாம். ஆனால் ஒரு வயதுப் பிள்ளையின் போத்தலில் பிளேன்டி ஊற்றிக் கொடுப்பது பெரிய பிழை. தேயிலையில் இருக்கிற துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்புச் சத்து இல்லையென்றால் இரத்தம் குறையும். இரத்தம் குறைந்தால் பிள்ளை சோர்ந்து கிடக்கும், விளையாடாது, கவனிக்காது. பெரியவர்களும் சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காமல், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது.

திரிபோஷ பற்றியும் ஒரு வார்த்தை. 1973இலிருந்து நம்ம நாட்டில் நடந்துவரும் திட்டம் அது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மா. நிறை குறைந்த பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும் என்று கொடுப்பது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாரும் பங்கு போட்டால், யாருக்காகக் கொடுத்தார்களோ அந்தப் பிள்ளைக்கு ஒரு கரண்டிதான் மிஞ்சும். பசியுள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மற்றப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி இரண்டாவது விசயம். சாப்பாடு மட்டும் போதுமா? போதாது. இதை நாங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை.

ஜமெய்க்கா என்று கரும்புத் தோட்டங்கள் நிறைந்த ஒரு தீவு இருக்கிறது. நம்மைப் போலவே வேறு நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு, தோட்டத்தில் உழைத்தவர்களின் பரம்பரை அங்கே இருக்கிறது. அங்கே கிங்ஸ்டன் பட்டணத்து ஏழைக் குடியிருப்புகளில் 1986, 1987 காலத்தில் சாலி கிரந்தம் மெக்ரெகர் என்ற டொக்டர் அம்மா ஒரு சோதனை செய்தார். ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட, வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை எடுத்தார்கள். சில பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒரு கிலோ பால்மா மட்டும். சில பிள்ளைகளுக்குப் பால்மா இல்லை. ஆனால் சுகாதார உதவியாளர் ஒரு பெண் கிழமைக்கு ஒரு தடவை, ஒரு மணித்தியாலம் வீட்டுக்கு வந்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுப்பார். சில பிள்ளைகளுக்கு இரண்டும். சில பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை.

விளையாட்டுச் சாமான் என்ன தெரியுமா? கடையில் வாங்கியது அல்ல. வெறும் பிளாஸ்டிக் போத்தல், பெட்டித் துண்டு, துணித் துண்டு. இரண்டு வருடம் நடந்தது.

இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். அப்போது அவர்கள் உழைக்கிற வயதுக்காரர். விளையாடிப் பேசி வளர்த்த பிள்ளைகளின் சம்பளம், அப்படி வளர்க்கப்படாத பிள்ளைகளின் சம்பளத்தைவிட 25 வீதம் கூட இருந்தது. சின்ன வயதில் வளர்ச்சி குன்றாத மற்றப் பிள்ளைகளோடு சமமாக வந்துவிட்டார்கள். பால்மா மட்டும் வாங்கிய பிள்ளைகளில் அந்த நீண்ட காலப் பலன் தெரியவில்லை. இந்த முடிவு 2014இல் வெளிவந்தது.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா?' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வயிறு நிறையாத பிள்ளை விளையாடாது. ஆனால் வயிற்றை நிரப்பிவிட்டு வாயையும் காதையும் பட்டினி போட்டால், அதுவும் பட்டினிதான்.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் பெரி முன்பள்ளி என்று பெயர். 1962இல் தொடங்கி, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை எடுத்து, 58 பேரை முன்பள்ளிக்கு அனுப்பினார்கள். மற்ற 65 பேருக்கு அது கிடைக்கவில்லை. ஆசிரியைமார் கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக்கும் போனார்கள். நாற்பது வயதுவரை அந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முன்பள்ளிக்குப் போனவர்களில் 100க்கு 77 பேர் உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். போகாதவர்களில் 60 பேர். வேலை கிடைத்தவர்களும் கூட. பொலிசில் பிடிபட்டவர்கள் குறைவு. மூன்று நான்கு வயதில் கொடுத்தது நாற்பது வயதில் பலன் தந்திருக்கிறது.

இப்போது எங்கள் பிழையை நாங்களே ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடமும் எங்கள் பிள்ளைக்காம்பராவில் சத்தம் இல்லாமல் இருந்தால் அதுதான் நல்ல காம்பரா என்று நினைத்தோம். பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு, ஆட்டித் தூங்க வைத்தால் கெட்டிக்கார ஆயா. யாராவது பார்க்க வந்தால், "பாருங்க, ஒரு புள்ளயும் அழல" என்று பெருமையாகக் காட்டினோம். வரிசையாக இருபது தொட்டில், இருபதும் அமைதி. அந்தப் பிள்ளைகளிடம் காலையிலிருந்து பின்னேரம் வரை யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டோம். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, சுத்தமாக வைத்திருந்தோம். ஆனால் பேசவில்லை. முந்தலில் அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலில் பாதி இதில்தான் இருக்கிறது. இடம் இருந்தது, ஆள் இருந்தது, பேச்சு இல்லை.

நூறு வருடத்துக்கு முந்திய ஒரு கதை எங்கள் வேலைக்கு மிகவும் நெருங்கியது. இத்தாலி நாட்டில் ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற கூலித் தொழிலாளர் குடியிருப்பு. தாயும் தகப்பனும் விடியக் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் கட்டடத்துச் சுவரையும் படிகளையும் நாசம் பண்ணிக்கொண்டு திரிந்தன. சுவரைக் காப்பாற்றத்தான் கட்டடக்காரர்கள் ஒரு அறையை ஒதுக்கி, பிள்ளைகளை அடைத்து வைக்க ஆள் தேடினார்கள். வந்தவர் மரியா மொண்டிசோரி என்ற டொக்டர். 1907 ஜனவரி 6ஆம் திகதி அந்த அறை திறக்கப்பட்டது. அவர் பிள்ளைகளை அடைத்து வைக்கவில்லை. கைக்கு வேலை கொடுத்தார். தானே கைகழுவ, தானே சட்டைப் பொத்தான் போட, தானே மேசை துடைக்கப் பழக்கினார். ஏழைப் பிள்ளைகள் எதையும் கற்கமாட்டார்கள் என்று நினைத்திருந்த சனங்கள் வந்து பார்த்து வாயடைத்துப் போனார்கள். இன்றைக்குக் கொழும்பில் பணக்காரப் பிள்ளைகள் போகிற மொண்டிசோரிப் பள்ளிக்கூடத்தின் தொடக்கம் ஒரு லயத்துக் காம்பராவைப் போன்ற அறைதான். அந்த அம்மையார் 1944இல் நம்முடைய நாட்டுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டடம் இல்லை என்பது காரணம் ஆகாது என்பதற்கு முந்தல் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர், கையில் கிடைத்ததோடு கிளம்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்குத்தான். கிடுகுக் கொட்டில்களில், மணல் தரையில், வருடக் கணக்காக அகதி வாழ்க்கை. அந்தக் கொட்டில்களுக்கு நடுவில் ஒரு கொட்டிலைச் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, கொஞ்சம் படித்த பெண்பிள்ளைகள் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்தார்கள். சிரட்டையும் சிப்பியும் மணலும்தான் படிப்புச் சாமான். மணலில் விரலால் கீறிய பிள்ளை எழுதப் பழகியது. ஊரையும் வீட்டையும் இழந்த பெற்றோரால், பிள்ளையின் காலையில் ஒரு மூன்று மணித்தியாலத்தை இழக்காமல் காப்பாற்ற முடிந்தது.

மூன்றாவது விசயத்தைச் சொல்வதற்குத் தகப்பன்மார் கோபிக்கக் கூடாது. வறுமை பிள்ளைக்குச் செய்கிற இன்னொரு தீமை பயம். சம்பள நாளில் வீட்டில் நடக்கிறது என்ன என்று நாம் எல்லாரும் அறிவோம். சண்டை, சத்தம், தட்டு உடைகிற சத்தம். 'புள்ள தூங்குது, அதுக்கு என்ன தெரியும்?' என்கிறோம். அதற்குத் தெரியும். ஒரு நாள் பயந்தால், தாய் தூக்கி அணைத்தால், அது போய்விடும். தினமும் பயந்தால், அணைக்க ஆளும் இல்லையென்றால், அந்தப் பிள்ளையின் உடம்பு எந்த நேரமும் ஆபத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற மூளை எதையும் படிக்காது. வகுப்பில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் அடித்தால், அல்லது ஒரு மூலையில் ஒடுங்கினால், நாங்கள் இப்போது முதலில் கேட்பது, 'வீட்டில் என்ன நடக்கிறது?' என்பதைத்தான்.

நாலாவது விசயம் அக்காமார். முந்தலில் ஒரு வீட்டு வாசலில் பத்து வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பாடசாலை நாள். "ஸ்கூல் போகலயா புள்ள?" என்று கேட்டோம். "அம்மா மீன் காயப்போடப் போயிட்டா. தம்பிய யாரு பாக்குற?" என்றது. அந்தக் கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் அதே பிள்ளையை நாங்கள் நம்ம லயத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். பிள்ளைக்காம்பரா தூரம் என்றால், ஆயா லீவு என்றால், அம்மா மத்திய கிழக்குக்குப் போய்விட்டால், அக்காதான் அம்மா. சின்னதைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் பெரியதின் படிப்பும் போகிறது. ஒரு பிள்ளைக்காம்பரா ஒழுங்காக நடந்தால் அது ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது.

நமக்கு இந்தப் படிப்பு விசயத்தில் பழைய கடன் ஒன்றும் இருக்கிறது. இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். நடுவே முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் பள்ளி வயதைக் கடந்தவர்கள்தான் இன்றைக்கு நம்ம வீட்டுத் தாத்தா, பாட்டி. அவர்கள் படிக்கவில்லை என்பது அவர்கள் குற்றம் அல்ல. ஆனால் அவர்களிடம் படிப்பு இல்லையே தவிர, பேச்சு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கதை இருக்கிறது.

உடப்பில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடி, அந்தத் தாளத்துக்கே வலையை இழுப்பார்கள். கரையில் நிற்கிற மூன்று வயதுப் பிள்ளை அந்தத் தாளத்துக்குக் காலைத் தட்டுகிறது, சொல்லைத் திருப்பிச் சொல்கிறது. அதுவும் ஒரு முன்பள்ளி என்றே எங்களுக்குத் தோன்றியது. நமக்கு என்ன குறை? தப்பு இருக்கிறது, கும்மி இருக்கிறது, மாசி மாதம் காமன் கூத்து இருக்கிறது, தாலாட்டு இருக்கிறது. பாட்டிமார் அந்தப் பாட்டைப் பிள்ளைக்குப் பாடினால் போதும். எழுத்துத் தெரியாத பாட்டி எழுத்துக்கு வழி திறந்துவிடுகிறார்.

அப்படியானால் நாங்கள் உங்களிடம் கேட்பது என்ன?

தாய்மாரிடம் கேட்பது: பிறந்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணியும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த சாப்பாடு தொடங்குங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மாதா மாதம் நிறை பார்க்கும்போது கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று மருத்துவிச்சி அம்மாவிடம் கேளுங்கள். கோடு படுத்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு, வேலை நாளில் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்காம்பரா இருக்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. அது சலுகை அல்ல, உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தகப்பன்மாரிடம் கேட்பது: தினமும் கால் மணித்தியாலம். வேலை முடிந்து கைகால் கழுவிவிட்டுப் பிள்ளையை மடியில் வையுங்கள். "இது என்ன? கொழுந்து. இது என்ன நிறம்? பச்சை. எத்தனை? ஒன்று, இரண்டு, மூன்று." இவ்வளவுதான். இதற்குக் காசு செலவில்லை. பிள்ளை பேசத் தெரியாத வயதிலும் பேசுங்கள். அது பதில் சொல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் சேமித்து வைக்கிறது.

எங்களிடம் நாங்களே கேட்டுக்கொண்டது: தொட்டிலை நேரத்துக்குத்தான் ஆட்டுவது. மற்ற நேரம் பாய் விரித்து, பிள்ளைகளை இறக்கிவிடுவது. வெறும் யோகட் கோப்பை, போத்தல் மூடி, துணிப் பந்து இவற்றைக் கழுவிச் சேர்ப்பது. வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னச் சாமான் வைப்பதில்லை. பிள்ளையைக் கழுவும்போதும் ஊட்டும்போதும் பேசிக்கொண்டே செய்வது. சத்தம் வரட்டும். இனி யாராவது பார்க்க வந்தால் அந்தச் சத்தத்தைத்தான் காட்டப் போகிறோம்.

முன்பள்ளி பற்றியும் ஒரு வேண்டுகோள். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, கொப்பி நிறைய 'அ' எழுதச் சொல்லி எங்களை நெருக்காதீர்கள். விளையாடி விளையாடி விரல் உறுதிப்பட்ட பிறகு எழுத்துத் தானாக வரும். அதே மாதிரி, வருடக் கடைசிக் கலைவிழாவுக்குச் சட்டை, சப்பாத்து, தொப்பி என்று ஆயிரக் கணக்கில் செலவு வைக்கிற பழக்கத்தையும் நாம் சேர்ந்தே நிறுத்த வேண்டும். அந்தக் காசு இல்லாத வெட்கத்தில் பிள்ளையை நிறுத்திக்கொள்கிற தாய்மார் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்கிற கலைவிழா நமக்கு வேண்டாம்.

தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் கேட்பது: சம்பளப் பேச்சு நடக்கிற மேசையில் பிள்ளைக்காம்பராவும் ஒரு விசயமாக இருக்கட்டும். மலைக்கும் காம்பராவுக்கும் உள்ள தூரம், ஆயாவுக்கு ஆள் போதுமா, தண்ணி சுத்தமா, கக்கூஸ் இருக்கிறதா? இவை பொம்பளைகள் விசயம் என்று தள்ளிவிட வேண்டாம். நாளைக்கு இந்தத் தோட்டத்தில் இருக்கப்போகிறவர்களும், தோட்டத்தை விட்டு வெளியே போய் முன்னேறப் போகிறவர்களும் இன்றைக்கு அந்தக் காம்பராவில்தான் இருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் சொல்லும்போது, வறுமைக்குத் தாய் தந்தையரே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பளம் போதாது, வீடு போதாது, தண்ணி போதாது. அவற்றுக்கான போராட்டம் போராட்டமாகவே இருக்க வேண்டும். கதை சொன்னால் பசி தீராது. ஆனால் சம்பளம் கூடுகிறவரை பிள்ளை வளராமல் காத்திருக்காது. ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு கையால் உரிமையைக் கேட்போம். மறு கையால் பிள்ளையைத் தூக்குவோம்.

கடைசியாக, முந்தலில் கேட்ட அந்த அம்மாவிடம் நாங்கள் சொல்லப் போவது இதுதான். "அம்மா, எங்களுக்கு இடம் இருந்தது, ஆள் இருந்தது. பிள்ளைக்கு வயிறு மட்டுமல்ல, காதும் கண்ணும் மனசும் பசிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது தெரிந்துகொண்டோம்." அங்கே ஒரு இடம் வர வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அது வரட்டும். அடுத்த முறை அவர்கள் நம்ம மலைக்கு வந்தால், அந்தப் பத்து வயதுப் பிள்ளையைப் போல ஒரு பிள்ளை இடுப்பில் தம்பியோடு நம்ம லயத்து வாசலில் நிற்பதை அவர்கள் பார்க்கக் கூடாது. அக்கா பாடசாலையிலும் தம்பி பிள்ளைக்காம்பராவிலும் இருக்க வேண்டும்.

இருட்டுகிறது. உங்கள் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். போகும் வழியில் அவர்களுக்குச் சொல்ல ஒரு கதையை யோசித்துக்கொண்டே போங்கள்.